நான்கு பொத்தான்கள் போதும்

வைட்ஃபீல்டில் உள்ள ஒரு கார் நிறுவனத்தில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுவது வைஷ்ணவியின் வேலை. புதிய காரில் பொத்தான்களே வேண்டாம், எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் போட்டுவிடலாம் என்று அறிக்கை எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு பொத்தானுக்கும் வார்க்கத் தனி அச்சு, தனி வயர், பொருத்த ஓர் ஆள், சோதிக்க ஓர் ஆள். திரையோ எப்படியும் இருக்கப்போகிறது; அதில் இன்னொரு படம் சேர்க்கப் பெரிய செலவில்லை. மேலாளர் ரகுராம் வாய் நிறையப் பாராட்டினார்.

மறுவாரம், மாதிரிக் காரை ஓட்டிச் சோதிக்கும் கேரலுடன் அத்திபெலே வரை போனாள். ஆஸ்டின் டவுன்காரி கேரல். வாயும் வண்டியும் ஒரே வேகம். டீ குடித்துவிட்டு வெளியே வந்தால் கொட்டும் மழை. இருவரும் நனைந்தபடி ஓடிவந்து ஏறினார்கள். நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போவதற்குள் முன்கண்ணாடி மங்கிவிட்டது.

"மேடம், கண்ணாடிக்குக் காத்து வைங்க! எதிர்ல ஒண்ணும் தெரியல."

வைஷ்ணவி ஈர விரலால் திரையைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள். பாட்டு அலறியது. மூன்றாம் முறை, "ஐயோ, சீட்டு சுடுது மேடம்!" என்று கேரல் துள்ளினாள்.

எப்படியோ கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"யாரு மேடம் இப்படிப் பண்ணது? ஸ்வல்பகூட வண்டி ஓட்டத் தெரியாதவங்க!"

"நான்தான் கேரல், பட்டன் வேணாம்னு எழுதுனேன்."

கேரல் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்ப நீங்களே திரும்ப வெக்கலாம்ல?"

எல்லாப் பொத்தான்களையும் வைக்கக் கணக்கு இடம் தராது. ஓட்டும்போது கண்ணை எடுக்காமல் கை எதையெல்லாம் தேடும் என்று வைஷ்ணவி கேட்டாள். கேரல் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்: கண்ணாடிக்குக் காற்று, ஏசி, விசிறி வேகம், பாட்டுச் சத்தம். நான்கையும் ஒரே பட்டையில் வைத்து, அதே பட்டையை நிறுவனத்தின் மூன்று கார்களுக்கும் பொருத்தினால் அச்சுச் செலவு மூன்றாகப் பிரிந்துவிடும். இரண்டே நாளில் கணக்கு தயார்.

"நீங்கதானே வேண்டாம்னு எழுதுனீங்க?" என்றார் ரகுராம்.

"ஆமா சார். ஆபீஸ்ல உக்காந்து எழுதுனேன். கையை நனைச்சுட்டு வாங்க, கார் கீழதான் நிக்குது."

போனார். பத்து நிமிடத்தில் முகம் சிவந்து திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வடிவமைப்புக் கூட்டங்களுக்குக் கேரலையும் அழைத்தார்கள். முதல் நாளே கதவுக் கைப்பிடியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள். கூட்டத்தில் தின்ன வைத்திருந்த மத்தூர் வடைத் தட்டும் கடைசிவரை அவள் பக்கமே இருந்தது.