ஒன்பதோடு சேர்ந்த முதன்மை எண்

யாராவது தொலைபேசி இலக்கத்தைப் பார்த்துக் காதலிப்பார்களா? நான் காதலித்தேன். துறைமுகத்தில் வேலை செய்யும் றொஹான் தந்த இலக்கம், முன்னாலுள்ள சைபரை விட்டால், எழுபத்தேழு கோடிச் சொச்சம். கணிதம் படிப்பிக்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? கணினியில் போட்டுப் பார்த்தேன். முதன்மை எண்! ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றிப் பிரிபடாது. அவ்வளவு பெரிய எண்களில் இருபதுக்கு ஒன்றுதான் அப்படி அமையும். துள்ளிக்கொண்டு அவனிடம் சொன்னேன்.

"அப்ப சாகுமட்டும் இந்த நம்பர்தான்" என்றான்.

அப்பாவுக்கு வேறு விசர். எண்சாத்திரம். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட், கார், என் ஃபோன், எதன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது வரவேண்டும். றொஹானின் இலக்கத்துக்கு வந்தது ஐந்து. அவன் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன் என்பதுதான் அப்பாவுக்கு உள்ளே குத்தியது. வெளியே சொன்னது வேறு.

"ஒன்பது வாற நம்பருக்கு மாறினால்தான் அந்தப் பொடியன் இந்த வீட்டுப் படி மிதிக்கலாம்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனுசனோடு என்ன கதைப்பது?

சனிக்கிழமை, காலி வீதி ஃபோன் கடைக்கு நான் போனபோது றொஹான் சிம் அட்டைகளைக் குவித்துவைத்து வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"கொப்பாவுக்கு ஒன்பதும் வரவேணும், உமக்கு முதன்மையாவும் இருக்கவேணும். பாத்துப் பாத்துக் கண் அவியுது சிவானி. ஒண்டும் சரிவரேல்ல. கடைக்காரப் பொடியன் இன்னொரு பெட்டி எடுக்கப் போட்டான்."

எனக்குச் சிரிப்பு வெடித்தது. "ஐயோ, விசர் மனுசா! கூட்டி ஒன்பது வந்தால் அந்த எண் ஒன்பதால பிரியும். பிறகெப்பிடி முதன்மை? உலகம் முழுக்கத் தேடினாலும் கிடையாது!"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப என்ர பழைய நம்பரை விடுறன். நீர்தான் எனக்கு முக்கியம்."

சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது. இவன் ஏன் மாறவேண்டும்? இன்றைக்கு இலக்கம், நாளைக்கு எதை மாற்றச் சொல்வார்? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவனை வாசலில் நிறுத்திவிட்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, உங்கட ஒன்பதோட அவரின்ர ஐஞ்சைக் கூட்டுங்கோ."

"பதினாலு."

"ஒண்டும் நாலும்?"

"ஐஞ்சு."

"ஒன்பதோட ஏழு?"

"பதினாறு… ஏழு." அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒன்பதோட ஆர் வந்து சேர்ந்தாலும் அவை அவையாத்தான் இருப்பினம். உங்கட ஒன்பதே ஒருத்தரையும் மாத்திறேல்ல. நீங்கள் ஏன் அப்பா மாத்த நிக்கிறியள்?"

அப்பா ஒன்பதோடு எட்டைக் கூட்டினார், மூன்றைக் கூட்டினார், விரல் மடக்கி மடக்கிப் பார்த்தார். திடீரென்று வாய் நிறையச் சிரித்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"நேசம், இஞ்ச ஓடி வாரும்! ஒன்பதின்ர பெருந்தன்மையைப் பாரும்!"

"பெருந்தன்மை இருக்கட்டும். முதல்ல வாசல்ல நிக்கிற பிள்ளையைக் கவனியுங்கோ" என்றார் அம்மா குசினியிலிருந்து.

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். றொஹான் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அப்பா தொண்டையைச் செருமினார்.

"உள்ள வாரும் தம்பி. நம்பரை மாத்தாதையும். நாளைக்கு மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டிலதான். சேர்ச்சில பூசை முடிஞ்ச பிறகு அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாரும்."