தூக்காத கைகள்

பதினெட்டு வருஷம் சாயப்பட்டறைக்கு மேலாளராக இருந்த பல்தசார் ஹெஃப்டி, புத்தாண்டுக்கு மறுநாள் தவறாமல் ஒரு காரியம் செய்வார். தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, "குறை இருக்கறவங்க கையைத் தூக்குங்க" என்பார். ஒரு கைகூட எழும்பாது. அடேயப்பா, அதில் மனுஷனுக்கு எவ்வளவு பெருமை! அதைச் சொல்லிச் சொல்லியே அரசியலுக்கு வந்தார். போன வருஷம் அந்தக் குட்டி சுவிஸ் மாநிலத்துக்கே தலைவராகிவிட்டார்.

மே மாதத்து முதல் ஞாயிறு, ஓட்டுள்ளவர்கள் எல்லாரும் சதுக்கத்தில் கூடி முடிவெடுக்கும் மாநில சபை. தலைவர் பதவிக்கு அடையாளமான வாளைக் கையில் பிடித்து மேடையில் நின்றார் ஹெஃப்டி. கீழே சதுக்கம் நிறைய ஆண்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. பட்டறைகளில் பன்னிரண்டு மணி நேர வேலையைப் பதினொன்றாகக் குறைக்கலாமா என்பது தீர்மானம். இங்கே ஓட்டை எண்ணும் வழக்கமில்லை. எழுந்த கைகளைத் தலைவர் கண்ணால் அளந்து எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

ஹெஃப்டிக்கு இந்தத் தீர்மானமே பிடிக்கவில்லை. நிம்மதியாக இருப்பவர்களை எவனோ தூண்டிவிட்டிருக்கிறான் என்று மனதார நம்பினார்.

"வேணுங்கறவங்க!" கைகள் எழுந்தன. "வேண்டாங்கறவங்க!" அதே அளவு. மறுபடி கேட்டார், மறுபடியும் இழுபறி. பக்கத்திலிருந்த நான்கு அமைச்சர்களைக் கேட்டால் இரண்டு பேர் இப்படி, இரண்டு பேர் அப்படி.

மேடையில் பின்னால் விருந்தினர் பெஞ்சில் இருந்தவர் ஹெஃப்டியின் பழைய பட்டறை முதலாளி ஷ்ட்ரைஃப். "என்னப்பா ஹெஃப்டி, இதுக்கா இவ்வளவு யோசனை? வேண்டாம்னு சொல்லிட்டு வா. விருந்துல சாசேஜ் ஆறிடப்போகுது."

சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒன்று அவர் கண்ணை உறுத்திவிட்டது. வேண்டாம் என்று எழுந்ததில் பாதிக்குப் பாதி நீலக் கைகள். எத்தனை தேய்த்தாலும் போகாத பட்டறைச் சாயம். ஒரு மணி நேரம் கூடுதலாக உழைக்கிறோம் என்று எந்தப் பைத்தியக்காரன் கை தூக்குவான்? அவர்கள் முகத்தைப் பார்த்தார். ஒருத்தனும் தலைவரைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவர் தோளுக்கு மேலே, ஷ்ட்ரைஃப் மீது இருந்தது. ஹெஃப்டி பின்னால் திரும்பினார்.

"முதலாளி, கொஞ்சம் கீழ இறங்கி முன்வரிசையில நில்லுங்க."

"யாரை இறங்கச் சொல்ற? உன்னை ஆளாக்கினதே நான்தான்டா!"

"இல்லைன்னு சொல்லல. இறங்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, மேடையைப் பார்த்து நின்றார் ஷ்ட்ரைஃப். கூட்டம் அவர் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்க கௌரவம் விடவில்லை.

"மூணாவது தடவை கேக்கறேன். வேணுங்கறவங்க!"

ஒரு நொடி தயக்கம். பிறகு சதுக்கத்தின் கோடி வரைக்கும் நீல நீலமாக எழுந்தன கைகள்.

"பதினோரு மணி நேரம்" என்று அறிவித்தார் ஹெஃப்டி.

கூட்டம் கலைந்தபோது பட்டறையின் பழைய சாயக்காரர் யோரியை வழிமறித்தார். "ஏன் யோரி, நான் வருஷா வருஷம் கேட்டேனே, அப்ப ஒருத்தர்கூட கையைத் தூக்கலையே?"

யோரி பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப எதிர்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தது நீங்கதானேய்யா."