ப்ளீச்சிங் தண்ணீர்

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தின் கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விரிப்புகளைச் சின்னவள் கட்டையால் புரட்டித் தூக்கி, பக்கத்துத் தொட்டியில் போட்டுக் கையால் அலசினாள். நனைந்த விரிப்பு பிணக்கனம் கனத்தது. ஆவியோடு எழும்பிய ப்ளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. ரப்பர் உறையின் ஓட்டை வழியாகப் புகுந்த தண்ணீர் விரலிடுக்கில் தங்கி நெருப்பாய் எரிந்தது.

அவள் நின்ற இடம் அவளுடைய அண்ணி நின்ற இடம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வேலைக்கு வந்ததால், கூடத்தில் அண்ணியைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். பெரியவள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் யாராவது சின்னவளே என்று கூப்பிட்டால், அப்படியானால் பெரியவள் எங்கே என்று இவள் நெஞ்சு ஒரு நொடி தேடும்.

பெரியவளைக் கொண்டுபோனது ஒரு வெடிப்பு. விரலிடுக்கில் நூல் கனத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். அவளோ சுத்தக்காரி. கையின் நெடி மகளின் சோற்றில் ஒட்டிவிடக் கூடாதென்று, வீட்டுக்கு வந்ததும் சோடா உப்பும் எலுமிச்சைத் தோலும் வைத்துச் சுடுதண்ணீரில் தேய்ப்பாள். எரிந்தால் அழுக்கு போகிறது என்று அர்த்தம் என்பாள். கூடத்தில் எல்லோருக்கும் அதே நம்பிக்கைதான். பிறகு கை வீங்கியது. முழங்கை வரை சிவப்புக் கோடு ஓடியது. காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டது என்றார்கள். அவள் கடைசியாகக் கிடந்தது இதே ஆஸ்பத்திரியில், இவர்கள் வெளுத்த விரிப்பின் மேல்.

அந்த விரிப்பும் இங்கேதான் வந்திருக்கும். எது என்று தெரியாததுதான் சின்னவளை வாட்டியது. எல்லாம் ஒரே வெள்ளை. ஒவ்வொன்றையும் விரிக்கும்போது இதுவாக இருக்குமோ என்று கை தயங்கும். ஆவிக்குள் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, பிழிவதற்குக் காத்து நிற்பது போலிருக்கும். பெரியவள் அப்படித்தான் நிற்பாள். பயமாக இருக்கும். ஆவி விலகி, அங்கே யாருமில்லை என்று ஆகும்போது அதைவிட மோசமாக இருக்கும்.

சாவு விழுந்த பிறகு முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. கம்பிக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தொட்டி வைத்து ப்ளீச்சிங் தண்ணீர் நிரப்பினார். வரும்போதும் போகும்போதும் கையை முக்காதவர்களை விடக் கூடாதென்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அழுக்கால்தானே புண் வந்தது, இனி பார் என்றார். பெண்களும் ஆமாம் சாமி போட்டார்கள். கை கழுவச் சொல்கிறவரை யார் குறை சொல்வது!

தொட்டி வந்த பிறகுதான் சின்னவளின் விரலிடுக்கிலும் வெடிப்பு விட்டது. அவள் மறைத்துத்தான் வைத்திருந்தாள். சோறு ஊட்டும்போது பெரியவளின் மகள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தை, அம்மா கை மாதிரியே இருக்கு."

அண்ணன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனான். அன்று இரவு சின்னவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. இவளும் போய்விட்டால் அந்தக் குழந்தைக்கு யார்?

மறுநாள் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். புண்ணுக்கு மருந்து வைத்த நர்ஸ், எதில் கை கழுவுகிறாய் என்று கேட்டாள். சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தோலோட மேல் அடுக்குல எண்ணெய்ப்பசை இருக்கும்மா, செங்கல்லுக்கு நடுவுல சாந்து மாதிரி. சோடாவும் ப்ளீச்சிங்கும் அதைக் கரைச்சிடும். சுவர் போனப்புறம் கிருமி நேரா உள்ள நடந்து வரும். உங்களுக்குப் புண்ணு அழுக்கால வரலை. நீங்க கழுவுற கழுவுலதான் வருது."

சாதாரணத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், ஈரம் காயும் முன்பே வாஸ்லின் பூச வேண்டும் என்றாள். ரப்பர் உறை ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும், உள்ளே பருத்தி உறை போட வேண்டும். சின்னவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். எரிய எரியத் தேய்த்த அந்தக் கைகளை யார் போய் இப்போது தடுப்பது?

மறுநாள் அலசும் தொட்டியடியில் அதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொன்னாள். ஊர்க்கதையெல்லாம் பேசி வாயாடி என்று பேர் வாங்கியிருந்தவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வெளுத்தது துணியையா என்னையா என்று கேட்டாள். சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கையை முக்க மறுத்தால் வேலை போய்விடுமே என்று சிலர் பயந்தார்கள். பயம் சின்னவளுக்கும் இருந்தது. முதலில் நான் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மதியம் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. வரிசையின் முதலில் சின்னவள் நின்றாள். தொட்டியில் கை விடவில்லை. வாட்ச்மேன் கெஞ்சிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டான்.

"கையை முக்கிட்டுப் போ."

"மாட்டேங்க."

"உன் அண்ணி சுத்தமில்லாமத்தான் போனா. நீயும் போகணுமா?"

"அவ சுத்தம் பார்த்துப் பார்த்தேதாங்க போனா. எங்களுக்கு ஓட்டையில்லாத உறை குடுங்க, உள்ள போடப் பருத்தி உறை குடுங்க. கை கழுவ நல்ல தண்ணி போதும்."

"இஷ்டமில்லைன்னா நாளைக்கு வராதே. இந்த வேலைக்கு ஆளா இல்ல?"

"வர்ற ஆளுக்கும் தோல்தாங்க இருக்கு."

முதலாளி அவளை விட்டுவிட்டுப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். ஒருத்தியும் தொட்டிப் பக்கம் வரவில்லை. கதவைத் திறக்காதே என்று கத்தினார். வாயாடி இடுப்பிலிருந்து வாஸ்லின் டப்பாவை எடுத்தாள். வெடித்த விரலால் மூடியைத் திருக முடியவில்லை. சின்னவள் திருகிக் கொடுத்தாள். ஒருத்தி கைக்கு இன்னொருத்தி பூசினாள்.

அதற்குள் அடுத்த ஷிப்ட் பெண்கள் கதவுக்கு வெளியே வந்து கூடிவிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். வாயாடி ஒன்று விடாமல் சொல்லித் தீர்த்தாள். ஆஸ்பத்திரி வண்டி வருகிற நேரம், கையை முக்கிவிட்டு உள்ளே வாருங்கள் என்று முதலாளி அவர்களை அழைத்தார். யாரும் நகரவில்லை. துழாவ ஆளில்லாமல் கொப்பரைகள் தாமாகப் பொங்கி வழிந்தன.

நாளை வேலை உண்டா என்று சின்னவளுக்குத் தெரியாது. அப்போது கம்பியிடுக்கில் வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. முகம் தெரியவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. பெரியவளின் கையோ என்று சின்னவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு அந்தக் கையைப் பிடித்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தாமல், வலிக்காமல் வாஸ்லினைப் பூசினாள்.

பக்கத்துக் கம்பி வழியாக இன்னொரு கை வந்தது.