பின்னறைக்குப் போன ஒயர்

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாரும் அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தோரு வருடம் ஊரார் நிலத்தை அளந்தவர். வீட்டின் பின்கோடியில் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டபோது, அதற்கு மின்சார ஒயரையும் தன் கையாலேயே இழுத்தார். அன்று அதில் ஒரு ட்யூப் லைட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். பிறகு கிணற்று மோட்டார் வந்தது. அதையும் அதே ஒயரில் சேர்த்துவிட்டார். இந்த வருடம் நுரையீரல் பழுதாகி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மூன்றாம் நாளே தொல்லை தொடங்கியது. காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டால், மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். யாராவது ஓடிப்போய் மறுபடி போடும்வரை சர்வேயர் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறுவார். மெஷின் கொடுத்த கடையின் மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். உங்க வீட்டு கரண்ட்தான் சரியில்ல."

"ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டா முடிஞ்சுது" என்றான் மகன்.

"காரணம் தெரியாம எதையும் வாங்காதீங்க" என்றாள் அவன் மனைவி. அவள் கட்டிட நிறுவனம் ஒன்றில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். பதினோரு மாடிக் கட்டிடத்துக்கெல்லாம் ஒயரிங் பார்க்கிறவள். ஆனால் கல்யாணமாகி வந்த எட்டு வருடத்தில் மாமனாரின் அறைப் பக்கம் ஸ்க்ரூ டிரைவரோடு போனதில்லை. அவர் வேலையில் அடுத்தவர் கை வைத்தால் அவருக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். மீட்டர் பெட்டியில் இருநூற்று இருபத்தெட்டு வோல்ட். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னறையில் இருநூற்றுப் பன்னிரண்டு.

"மாமா, பதினாறு வோல்ட் வழியிலேயே செத்துப்போகுது. ஏழுக்கு மேல போகக்கூடாது. ஒயர் ரொம்ப மெல்லிசு, ஒண்ணரை எம்.எம்.தான்."

"பத்தொன்பது வருஷமா எரியுது. இப்பதான் மெல்லிசாயிடுச்சா?"

"அப்ப லைட்டும் ஃபேனும்தானே? இப்ப மோட்டார் ஏழு, மெஷின் ரெண்டு, சேர்ந்து ஒன்பது ஆம்பியர் இழுக்குது."

"நாப்பது மீட்டர் தூரம். நானே அளந்தேன். அதுல என்ன பெரிசா கொறஞ்சிடும்?"

அவள் டேப்பை எடுத்தாள். மீட்டர் பெட்டியிலிருந்து மேலேறி, சமையலறையைச் சுற்றி, மதிலோரமாகவே போய், கிணற்றடியில் திரும்பி அறைக்குள் நுழைந்தது ஒயர். எழுபத்திரண்டு மீட்டர். தாளில் கணக்கெழுதிவிட்டு அவரிடம் சொன்னாள்.

அதைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. வெளியே போ என்று சொல்லிவிடுவாரோ என்று அவள் நினைத்தாள்.

"உங்க நாப்பது தப்பில்ல மாமா. அது நேர்கோடு. ஒயர் வளைஞ்சு நெளிஞ்சுல்ல போகுது" என்றாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணக்கு எழுதிய தாளுக்காகக் கை நீட்டினார். வரிவரியாகப் பார்த்தார்.

"எழுபத்திரண்டை ஏன் ரெண்டால பெருக்கியிருக்க?"

"கரண்ட் போனா மட்டும் போதுமா? திரும்பி வரணுமே. ரெண்டு ஒயரையும் சேர்த்து நூத்தி நாப்பத்துநாலு."

"சரி. நாலு எம்.எம். போட்டா?"

"ஆறு வோல்ட்தான் கொறையும். நாலே தாராளம்."

சர்வேயர் தாளைத் திருப்பித் தரவில்லை. இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"மோட்டார் ஓடும்போது இந்த மெஷின் நிக்கலம்மா. நான் பாத்துட்டேதான படுத்திருக்கேன். மோட்டாரைப் போட்ட அந்த நொடி ட்யூப் லைட் செத்துப் பிழைக்குது. அப்பதான் நிக்குது. அந்த நொடிக்கு நீ கணக்கே போடலியே?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஓடுகிற மோட்டாரை மட்டும் அளந்துவிட்டுப் பேசியிருக்கிறாள். கிளம்பும் கணத்தில் மோட்டார் ஐந்து மடங்கு இழுக்கும். அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து, முப்பத்தேழு ஆம்பியருக்குப் போட்டுப் பார்த்தாள். பழைய ஒயரில் நூற்று அறுபத்துநாலு வோல்ட்தான் மிஞ்சியது. நாலு எம்.எம்.மில் இருநூற்று மூன்று. மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டின்படி, இருநூற்று ஏழுக்குக் கீழே போனால் அது நின்றுவிடும்.

"நாலு போட்டிருந்தா மறுபடி கத்தியிருக்கும் மாமா" என்றாள். "ஆறு எம்.எம். போடணும். அதுல இருநூத்திப் பதினொண்ணு நிக்கும்."

"அப்ப ஆறே போடு."

அடுத்த ஞாயிறு நாலு மணி நேரம் கரண்டை நிறுத்தினார்கள். சர்வேயரை முன்கூடத்தில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உட்காரவைத்துவிட்டு, மகன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மருமகள் ஒயரை இழுத்தாள். பழைய ஒயரைச் சுருட்டியபோது சில இடங்களில் மேலுறை கருகிப் பொடிந்து விழுந்தது. மகன் அதை அப்பாவிடம் காட்டப் போனான். "வேண்டாங்க" என்று தடுத்துவிட்டாள்.

மதியம் அவரை அறைக்குக் கூட்டிவந்தார்கள். மெஷின் உறுமத் தொடங்கியது.

"மோட்டாரை நானே போடறேன்" என்றார்.

சுவிட்சின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினார். ட்யூப் லைட் லேசாகச் சிமிட்டியது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு?"

"இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் இறங்குச்சு. இப்ப இருநூத்தி இருபத்துநாலு."

சர்வேயர் தலையாட்டிவிட்டு மல்டிமீட்டரை வாங்கி, அதன் முனைகளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டார். அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அவள் வேலைக்கு வேறொன்று வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். மோட்டார் ஓடும் காலை நேரங்களில், பின்னறையிலிருந்து ஒரு எண் சத்தமாக வரும். அவள் அடுப்படியிலிருந்தே, "கேட்டுச்சு மாமா" என்பாள்.