சத்தம் நீக்கிய பதிவு

போர் முடிந்த மறுவருடம் மட்டக்களப்பில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தேன். கூடம் என்பது பெரிய வார்த்தை. ஓர் அறை, ஒரு கணினி, கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த கள்ளச் சீடியில் ஒலியைத் திருத்தும் நாற்பது பிளகின்கள். ஒரு தொண்டு நிறுவனம் பன்னிரண்டு தாய்மாரின் பேச்சைப் பதிந்து, வானொலிக்குத் தக்கதாய்த் துப்புரவாக்கித் தரச் சொன்னது. அதன் அதிகாரி கலாஜினிக்கு ஒரே நிபந்தனைதான்.

"பின்னுக்கு ஒரு இரைச்சலும் கேக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை றேடியோவில போகுது."

முதல் பதிவு ஆரையம்பதி அன்னப்பூரணியுடையது. சுனாமியில் கடல் வந்த அன்று மகள் றஞ்சிதா போனதையும், மூன்று வருடம் கழித்து மகன் யோகேஸ்வரனை வீட்டில் வைத்துப் பிடித்துப் போனதையும் சொல்லியிருந்தார். மகன் எங்கோ ஒரு முகாமில் இருக்கிறான், வானொலியில் தன் பேரைக் கேட்டால் அம்மா தேடுவது அவனுக்குத் தெரியும் என்று நம்பினார். அதற்காகத்தான் பேசவே சம்மதித்தாராம்.

பதிவு முழுக்க மின்விசிறியும் காகமும். இரைச்சல் நீக்கும் பிளகினைப் போட்டேன். குரல் பீப்பாய்க்குள் இருந்து வந்தது. மெல்லிய ஒலியை உயர்த்தும் கம்பிரசரைப் போட்டேன், குரலோடு காகமும் எழும்பியது. கடைசியில் 'கேட்' என்ற பிளகின். நாம் குறிக்கும் அளவுக்குக் கீழே போகும் ஒலியை அது அடைத்துவிடும். முதல் இரண்டு நிமிடம் கேட்டேன், அருமையாக இருந்தது. மீதியைத் திரையில் பார்த்து, வெறுமையாகத் தெரிந்த இடங்களை அழுகையில் பேச்சு நின்ற இடங்கள் என்று நினைத்து வெட்டி ஒட்டினேன். மற்றப் பதினொன்றுக்கும் அதே அளவு. காதால் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணால் செய்த மடையன் நான்.

சனிக்கிழமை காலை அன்னப்பூரணி பஸ் ஏறி வந்துவிட்டார்.

"நீங்கதானே மனே றேடியோவுக்குச் செஞ்சு குடுத்த? கடலில போன பிள்ளைட கதை முழுக்க வந்திச்சி. பெடியன்ட பேர் வரல்லியே?"

மூலப் பதிவைப் போட்டேன். கடலை உரக்கத் திட்டிய குரல், மகன் என்றதும் இறங்கியது. பேர், திகதி, வந்தவர்களின் உடுப்பு எல்லாம் மின்விசிறிச் சத்தத்துக்கும் கீழே. எங்கள் பக்கத்தில் கடலைத் திட்ட யாருக்கும் பயமில்லை. பிடித்துப் போனவர்களைப் பற்றி என்றால் வீட்டுக்குள்ளேயும் குரலைத் தாழ்த்துவோம். நானும் அப்படித்தான் பேசுவேன். தெரிந்திருந்தும் அந்தக் குரலை இரைச்சல் கணக்கில் சேர்த்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கலாஜினிக்கு போன் எடுத்தேன்.

"இன்னொருக்காப் போட மாட்டாங்க. பேர் வராததும் நல்லதுக்குத்தான். ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லத்தானே," என்று வைத்துவிட்டார்.

அன்னப்பூரணி ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, தன் குரலைத் தானே தேடிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு மெல்லமாவா சொன்னன்? என்ட பிழைதான் மனே. நானே அவன்ட பேர விழுங்கிப் போட்டன்."

இல்லையம்மா, பிழை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஓம் அம்மா," என்றேன். "கொஞ்சம் உரத்துச் சொல்லியிருக்கலாம்."