மேரின் வாசித்த புத்தகங்கள்

பிள்ளைக்குப் புத்தகம் வாங்கப் போனால் ஜோன்சன் அட்டையைப் பார்க்கமாட்டான். முதலில் கையில் தூக்கிப் பாரம் பார்ப்பான். பிறகு நடுப்பக்கத்தை விரித்து, படம் எத்தனை, எழுத்து எவ்வளவு பொடி என்று பார்ப்பான். படம் குறைந்து எழுத்தும் சிறுத்தால் அது நல்ல புத்தகம். தேங்காய் வாங்குகிறவன்கூடக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். ஜோன்சனுக்கு அந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் புத்தகக் கடையில் மகள் மேரினையும் கூட்டிக்கொண்டு நின்றான். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு என்று கேட்டறிந்த விற்பனைப் பெண், மெல்லிய புத்தகங்கள் நாலைந்தை ஆசையோடு எடுத்துவந்தாள். பெரிய எழுத்து, குட்டி அத்தியாயங்கள், பக்கத்துக்குப் பக்கம் படம். தானாக வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு இவைதான் பொருத்தம் என்றாள்.

"என் மகள் இதையெல்லாம் ஆறு வயதிலேயே தாண்டிவிட்டாள்" என்று ஜோன்சன் நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னான். சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. மேரினோ அந்த மெல்லிய புத்தகங்களில் ஒன்றை எடுத்து, அட்டையில் இருந்த நாயை விரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"அது சின்னப் பிள்ளையளின்ர, செல்லம். வையுங்கோ."

அவள் வைத்துவிட்டாள். எதிர்த்துக் கதைக்கிற பிள்ளை இல்லை அவள். பன்னிரண்டு வயதுக்காரருக்கான தடித்த புத்தகம் ஒன்றோடு இருவரும் வீடு வந்தார்கள்.

அவனை வெறும் வீம்பு பிடித்தவன் என்று தள்ளிவிடவும் முடியாது. மன்னாரில் இருந்து பதினோரு வயதில் நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகருக்கு வந்து இறங்கியவன் அவன். அங்கே வகுப்பில் ஒரு நல்ல மனசுக்கார ரீச்சர், பாஷை தெரியாத பையன்தானே என்று, ஒரு பசுமாட்டின் கதை சொல்லும் குழந்தைப் படப்புத்தகத்தை எல்லோருக்கும் முன்னால் அவன் கையில் கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பையன்கள் அவனைக் கண்டால் மாடு மாதிரிக் கத்தினார்கள். இப்போது அவன் ஒஸ்லோவில் மின்தூக்கி திருத்துகிறவன், அவனைப் பார்த்து ஒருவரும் கத்துவதில்லை. ஆனாலும் பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கண்டால் உடனே மூடி வைத்துவிடுவான். மேரினின் முதலாம் வகுப்பில் பள்ளிக்கூடம் அப்படிப்பட்ட புத்தகங்களைப் பையில் வைத்து அனுப்பியபோது, அன்றைக்கே திருப்பி அனுப்பினான். கூடவே, மகள் தடித்த புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறதைக் கைபேசியில் படம் பிடித்து ரீச்சருக்கும் காட்டினான். ரீச்சர் வாயைப் பிளந்தார். அடுத்த வருசம் அவர் லீவில் போக, வகுப்புக்கு ஆள் மாறி ஆள் வந்தார்கள். அமைதியாக இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் மேரினை அவள்பாட்டில் விட்டுவிட்டார்கள்.

அந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவன் மனைவி நிலூஜாவைக் காட்டவேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதில் அவளை வெல்ல ஒஸ்லோவில் ஆள் இல்லை. தாய் ஒரு வரி சொல்லவேண்டும், பிள்ளை திருப்பிச் சொல்லவேண்டும். கையை எங்கே தூக்குவது, மூச்சை எங்கே விடுவது எல்லாம் அதோடு சேர்த்தி. எங்கள் ஆட்களின் வீடுகளில் பேச்சு இப்படித்தான் பாடமாகிறது, அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. தாய்மொழியின் பெருமை பற்றி மேரின் மேடையில் முழங்கி இரண்டு முறை முதற்பரிசு வாங்கினாள். அந்த மொழியில் ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லவேண்டும் என்று மண்டபத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

நோர்வேஜியப் புத்தகத்துக்கும் நிலூஜா அதே வழியைத்தான் பிடித்தாள். பின்னேரம் வேலையால் வந்து, சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஓர் அத்தியாயத்தை வரிவரியாகச் சொல்லிக் கொடுப்பாள். உச்சரிப்புத் திருந்தட்டும் என்றுதான். மேரின் ஒருதரம் கேட்டால் பிடித்துவிடுவாள். ஜோன்சன் குளித்துவிட்டு வந்து சோபாவில் சாய, மகள் எதிரே நின்று அந்த அத்தியாயத்தை வாசிப்பாள். பக்கம் திருப்பவேண்டிய இடத்தில் சரியாகத் திருப்புவாள். ஜோன்சன் அதைப் படம் பிடித்துப் பக்கத்து நகரமான திராமனில் இருக்கும் தமக்கை வீட்டுக்கு அனுப்புவான். தமக்கைக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. நிலூஜாவுக்கு வேலை, ஜோன்சன் தனியே போனான். இந்த வருசம் புதிதாக வந்த ரீச்சர் துரூடெ அவனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். ஜோன்சன் பாராட்டைக் கேட்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மேரினுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்றார் துரூடெ.

அவன் சிரித்தான். ரீச்சர் சிரிக்கவில்லை. யாரும் முன்பு பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தாராம். மேரின் அதிலிருந்த படத்தைப் பார்த்து, தானாகவே அழகான கதை ஒன்று சொன்னாளாம். அதில் ஒரு சொல்கூட அந்தப் பக்கத்தில் இல்லையாம். பிறகு இரண்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவளுக்கு எழுத்துகளே பிடிபடவில்லை, இதை முதலாம் வகுப்பிலேயே கண்டுபிடித்திருக்கவேண்டும் என்றார்.

"கறுத்த பிள்ளை என்றால் உங்களுக்கு இப்படித்தான் தெரியும்" என்று ஜோன்சன் எழுந்தான். கைபேசியை எடுத்து, மகள் வாசிக்கிற படத்தை ஓடவிட்டான். துரூடெ கடைசிவரை பார்த்தார்.

"அவள் கண்ணைப் பாருங்கள்" என்றார் மெதுவாக. "வரியில் ஓடவே இல்லை."

ஜோன்சன் பார்த்தான். நூறு தரம் பார்த்த படம்தான். மகளின் கண் பக்கத்தின் நடுவில் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரீச்சர் இரண்டு மெல்லிய புத்தகங்களை ஒரு பையில் போட்டு நீட்ட, அவன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். பெரும் பயம் ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்தான்.

"மேரின், இஞ்சை வாங்கோ. இதை வாசியுங்கோ."

அவள் புத்தகத்தை வாங்கி, நாலாம் அத்தியாயத்தை எடுத்து நின்று வாசித்தாள். மணி மணியாக இருந்தது. ஜோன்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு மனசு கேட்காமல் ஆறாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"இதை."

மேரின் பக்கத்தைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். "இது அம்மா இன்னும் சொல்லித் தரேல்லை" என்றாள்.

"பரவாயில்லை. நீங்களா வாசியுங்கோ."

"அம்மா சொல்லித் தராட்டி எப்பிடியப்பா வாசிக்கிறது?"

குசினி வாசலில் அகப்பையோடு நின்ற நிலூஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "நான் உச்சரிப்புக்கெண்டெல்லோ சொல்லிக் குடுத்தனான்" என்றாள். "அவள் பாத்து வாசிக்கிறாளெண்டுதான் நான்..." சுவரோடு சாய்ந்தாள். ஜோன்சனுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. மெல்லிய புத்தகத்தைத் திருப்பி அனுப்பியது அவள் இல்லை. மூன்று வருசத்தைத் தன் கையாலேயே பிள்ளையிடமிருந்து பிடுங்கி எறிந்ததைப் போல இருந்தது அவனுக்கு.

பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து, மகளைப் பக்கத்தில் இருத்தினான். பக்கத்தில் ஒரே ஒரு வரி, நாலு சொல். முதற்சொல்லில் விரலை வைத்தான். மேரின் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இவ்வளவு நாளும் கேட்க வெட்கப்பட்டிருந்த கேள்வியை மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, வகுப்பில மற்றப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, செல்லம். அவை எழுத்தைப் பாத்து வாசிக்கினம்."

"இதைப் பாத்தோ?"

"ஓம்."

"பாத்தா அவைக்குக் கேக்குமோ?"

ஜோன்சன் தலையை மட்டும் ஆட்டினான்.

மேரின் புத்தகத்தின் மேல் குனிந்தாள். மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்ததைத் தாங்குகிற பலம் அவனுக்கு இல்லை.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அப்பா."

அவன் அழுதுவிட்டான். பிள்ளைக்கு முன்னால் ஒருநாளும் அழாதவன். மேரின் திடுக்கிட்டு, தான்தான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து, இரண்டு கையாலும் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதேங்கோ அப்பா. இது சின்னப் புத்தகம்தானே. அம்மா ஒருக்காச் சொன்னால் காணும், நான் முழுக்கப் பாடமாக்கிப்போடுவன்."

பாடமாக்கிவிடுவாள். அதில் ஜோன்சனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.