ஒரு பல் தள்ளி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரும் என் அண்ணனும் இப்போதுதான் காரில் ஏறித் தெருமுனையைத் தாண்டிப் போனார்கள். பெல்ட் மாற்றிய இன்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். தை மாதத்திலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத இரண்டு பேர், முன்சீட்டில், தோளும் தோளும் இடிக்க. அவர்கள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். வந்துவிட்டால் இது கதையாக இருக்காது, பஞ்சாயத்தாகிவிடும்.

முதல் வரிக்கு முயன்றவை:

‘எங்கள் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எந்த மனிதரும் தன் காரைத் தானே பிரித்துப் பார்க்காமல்’ – வேண்டாம். தெருவில் பாதிப் பேர் பட்டறைக்காரர்கள்.

‘இன்ஜின் என்பதும் ஒரு குடும்பம்தான்’ – வேண்டவே வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன்.

2

என் பெயர் பொற்கொடி. பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், விடுமுறையில் கதை எழுதுகிறேன். கணவர் அருள்குமார், லேத் பட்டறை. அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். அண்ணன் அங்கப்பனுக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. டிராக்டரைத் தானே பிரித்துத் தானே மாட்டுவார்.

தை மாதம் அண்ணன் புதுவீடு குடிபோனார். பூஜை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில், என் கணவர் வாசல் நிலையில் ரசமட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் குமிழியைப் பார்த்தார். பிறகு சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நிலை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார்.

“சாஞ்ச ஊட்டுல நீங்க எதுக்குங்க மாப்பிள்ளை சாப்பிடோணும்?” என்றார் அண்ணன்.

“சரிங்க மச்சான்” என்று எழுந்து வந்துவிட்டார் இவர்.

வெளியூர்க்காரர்கள் இதைச் சண்டை என்றே நினைக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் ‘ங்க’ போட்டுச் சண்டை வந்தால் அது லேசில் தீராது.

(இந்தக் கணவர் பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. கிரகப்பிரவேசத்துக்கு ரசமட்டத்தோடு யார் போவார்கள்? அது காரின் பின்னால் கிடந்தது. அதை எடுக்க அவர் பந்தலைக் கடந்து போய்த் திரும்பி வந்தார். மெனக்கெட்டுப் போய் எடுத்து வந்ததுதான் அண்ணனுக்கு இன்னும் ஆறவில்லை.)

3

வருகிற மாதம் எங்கள் மகள் பிரவீனாவுக்கு நிச்சயம். தாய்மாமனைப் பெண்ணின் அப்பா நேரில் போய் அழைக்க வேண்டும். இவர் போவதாக இல்லை. அழைக்காமல் வருவதாக அண்ணனும் இல்லை. மாமா வராமல் மணையில் உட்கார மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் கத்தியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதனால் பயந்துபோனேன்.

இந்தச் சமயத்தில்தான் கணவர் வீடியோ பார்த்து, காரின் டைமிங் பெல்ட்டைத் தானே மாற்றக் கிளம்பினார். பிரிப்பதுவரை வீடியோவில் இருந்தபடியே நடந்தது. மாட்டும்போது அந்த வீடியோவிலிருந்த காரும் எங்கள் காரும் வேறு வேறு என்று தெரிந்தது. புது பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் உள்ளே போய் அண்ணனுக்கு போன் போட்டேன். அண்ணன் ஸ்பேனர் பெட்டியோடு வந்து இறங்கினார்.

“நான் காருக்குத்தான் வந்திருக்கேன், அம்மணி” என்றார் என்னிடம்.

4

[இங்கே கொஞ்சம் இயந்திரவியல். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் கதை இதில்தான் இருக்கிறது.]

இன்ஜினின் மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பெல்ட். இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு குறி உண்டு. இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்போது பெல்ட் உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் இன்ஜின் நடுங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே ஒன்றோடொன்று இடித்து உடையும்.

கணவர் பானெட்டுக்குள் தலையை விட்டு மேல்சக்கரத்தில் பெல்ட்டைச் செருகினார். அண்ணன் முன்டயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குந்தி, கீழ்ச்சக்கரத்தை ஸ்பேனரால் இம்மி இம்மியாகத் திருப்பினார். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. பேசினால்தான் ஆகும். பேசவில்லை. நடுவில் நான் டார்ச்சோடு நின்றேன்.

“நிறுத்தச் சொல்லு” என்றார் கணவர்.

“ஏனுங்கண்ணா, போதும் நிறுத்துங்கன்னு சொல்றாருங்க” என்றேன்.

நான் மரியாதையோடு சொல்லி முடிப்பதற்குள் ஸ்பேனர் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. கீழ்க்குறி தள்ளி நிற்பதை அண்ணன் பார்த்தாராம். ஆனால் நிறுத்தச் சொன்னது அவர்தானே, ஏதோ கணக்கு இருக்கும் என்று விட்டுவிட்டாராம். அளக்காமல் எதையும் நம்பாத என் கணவரும் இன்றைக்குச் சரிபார்க்கவில்லை. பார்த்தால் அண்ணனிடம் கேட்க வேண்டியிருக்கும்.

5

எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைத் திருகினோம். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. ஏதாவது ஒயர் மாட்டாமல் விட்டிருக்கிறதா என்று கேட்கும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். நான் கணவரிடம் சொன்னேன். பின்பக்கம் ஒரு சென்சார் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டியதும் கார் உயிர்பிடித்தது. ஆனால் அது நடுங்கிய நடுக்கத்தில் பானெட்டின் மேல் வைத்திருந்த டீ டம்ளர் நகர்ந்து நகர்ந்து போய்க் கீழே விழுந்தது.

“ஒரு பல் தள்ளியிருக்குது” என்றார் அண்ணன், என்னிடம்.

“ஒரு பல் தள்ளியிருக்கு” என்றார் கணவர், அவரும் என்னிடம்.

மறுபடி பிரித்தார்கள்.

6

இப்போது கதையின் உச்சம். அதில் நான் இல்லை.

அண்ணி போன் செய்தாள். இரண்டு பேரும் பேசினார்களா என்று கேட்கத்தான். அவர்கள் முன்னால் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் சமையலறைக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே இன்ஜின் சத்தம் கேட்டது. நடுக்கமில்லை. ஓடிவந்து பார்த்தால் இருவரும் கை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாய்விட்டுச் சொல்லாமல் அந்தப் பல் சரியாக உட்கார்ந்திருக்காது. யார் முதலில் பேசியது என்று கேட்டேன். ‘வந்துச்சா?’ என்று கீழேயிருந்துதான் முதலில் சத்தம் வந்ததாம். இது கணவர் கட்சி. ‘நிறுத்து’ என்று மேலேயிருந்துதான் முதலில் வந்ததாம். இது அண்ணன் கட்சி. இரண்டிலும் ‘ங்க’ இல்லை. தான் சொன்னதை இரண்டு பேருமே ஒப்புக்கொள்ளவில்லை.

நான் எந்தப் பக்கம் எழுதினாலும் மறுபடி தை மாதம்தான். எனவே இந்தப் பகுதியை இப்படியே விடுகிறேன்.

7

முடிவுகள்:

அ) சத்தி ரோட்டில் ஒரு சிக்னலில், “நிச்சயத்துக்கு வந்துருங்க மச்சான்” என்கிறார் கணவர். அண்ணன் தலையசைக்கிறார். – இவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நான் ஏன் டார்ச் பிடித்திருப்பேன்?

ஆ) பாதி வழியில் கார் நிற்கிறது. இருவரும் இறங்கி, ஒருவரையொருவர் – இல்லை. மூன்றாம் தடவை பிரிக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இ) அவர்கள் திரும்பி வந்தபோது காரின்

போன் அடித்தது. மறுபடி அண்ணி.

“பொற்கொடி, ரெண்டு பேரும் இங்க வந்து நிக்கறாங்க கண்ணு. சமைக்கறதா வேண்டாமா?”

தெருமுனைவரை போய்ப் பார்க்கிறோம் என்றவர்கள் கிணத்துக்கடவுக்கே போய்விட்டார்கள். யார் ஸ்டியரிங்கைத் திருப்பினார்கள் என்று தெரியவில்லை.

“அவரு நிச்சயத்துக்குன்னு ஏதாவது சொன்னாருங்களா, நங்கை?” என்றேன். அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

இன்னும் இல்லை, நீயே கேட்டுக்கொள் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கேயோ வைத்துவிட்டு அண்ணி தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம். ஃபேன் சத்தம். கணவர் தொண்டையைச் செருமுகிறார். அண்ணனும் செருமுகிறார்.

வாசகரே, இதைக் கேட்டால் எழுத வேண்டியிருக்கும். போனை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். என் விரலெல்லாம் கிரீஸ். நான் போய்க் கையைக் கழுவிவிட்டு வருகிறேன்.